அக்ரி படித்த பிள்ளைக்கு ஒரு மா நிலம் கொடுங்கள்

பி.எஸ்சி. அக்ரி படிக்கிற, படித்து முடித்த பிள்ளைகளைப் பெற்ற விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பா அம்மாக்களுக்கும், பெரியப்பா சித்தப்பாக்களுக்கும் வணக்கம்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு நெல் விவசாயி வீட்டு மகள். அக்ரி முடித்ததும் மூன்று வருடத்துக்கு மேல் ஒரு பூச்சிமருந்து கம்பெனியில் வேலை பார்த்தேன். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில், விழுந்து கிடந்த மரங்களை அப்புறப்படுத்த லீவு போட்டு வந்தவள், திரும்பிப் போகவில்லை. இன்றைக்கு எங்கள் ஊரைச் சுற்றி ஏழு கிராமங்களில் 64 குடும்பங்களின் வயலைப் பார்த்து யோசனை சொல்வதுதான் என் தொழில். மருந்தும் உரமும் நான் விற்பதில்லை. வயலில் இறங்கிப் பார்க்கிறேன். எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறேன். அதற்கு அவர்கள் பணம் தருகிறார்கள்.

உங்களுக்கு இதை எழுதக் காரணம் உங்கள் பிள்ளைகள்தான். ஒவ்வொரு வருடமும் படிப்பு முடிந்த நாலைந்து பேராவது என்னைத் தேடி வருகிறார்கள். பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். எல்லோரும் விவசாய வீட்டுப் பிள்ளைகள். வேலை கிடைக்கவில்லை என்ற கவலை இருக்கிறது, ஆனால் முதலில் சொல்வது அதுவல்ல. "அக்கா, எங்க வீட்டுல வயல் பக்கமே வரவிட மாட்டேங்குறாங்க" என்பதுதான். நாலு வருடம் மண்ணையும் பயிரையும் படித்த பிள்ளைக்குச் சொந்த வயலில் ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். "நாப்பது வருசமா நாத்து நடுறேன், புஸ்தகத்தப் பாத்து நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா" என்பது ஒன்று. "சேத்துல இறங்கவா உன்னப் படிக்க வெச்சேன்" என்பது இன்னொன்று. முதல் பேச்சு பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்கிறது. இரண்டாவது பேச்சு, பிள்ளை இந்த வேலைக்கு மேலே போய்விட்டது என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல்தான் அவர்கள் போட்டித் தேர்வு வகுப்புக்குப் போகிறார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கஜாவுக்கு அடுத்த வருட சம்பா சாகுபடி. அப்பா பிபிடி 5204 நட்டிருந்தார், அதாவது ஆந்திரா பொன்னி. மார்கழிப் பனியில் ஒரு காலை நானும் அவரும் வயலுக்குள் இறங்கினோம். ஒரு குத்தை, அதாவது சேர்த்து நட்ட நாற்றுக் கொத்தை, சாய்த்துத் தட்டினேன். அடித்தூரில் இருந்து பழுப்புப் பூச்சிகள் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தன. விழுந்த வேகத்தில் தண்ணீர் மேலேயே நடந்து மறுபடி தண்டைப் பிடித்துக்கொண்டன. நெல் தண்டில் சாறு உறிஞ்சும் புகையான்.

பத்து இடத்தில் தட்டி எண்ணினேன். குத்துக்குச் சுமார் இருபது தூர் (கிளைத்த தண்டு), பன்னிரண்டில் இருந்து பதினைந்து பூச்சி. இரண்டு குத்துக்கு ஒரு சிலந்தியும் இருந்தது. தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவைத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். சிலந்தி நன்றாக இருக்கிற வயலில் தூருக்கு இரண்டு வரைக்கும் பொறுக்கலாம். "தண்ணிய வடிச்சிடுங்கப்பா, யூரியா இப்ப போடவேணாம், நாலு நாள் கழிச்சு மறுபடி எண்ணிப் பாக்கலாம்" என்றேன். அப்பா தலையை ஆட்டினார். மத்தியானம் கடைக்குப் போய் மூன்று பாட்டில் வாங்கி வந்து, கலந்து அடித்தார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. கண்ணுக்கு எதிரே பூச்சி விழும்போது, வருடம் முழுக்க போட்ட காசு அந்த வயலில் நிற்கும்போது, "பொறுங்கள்" என்று சொல்லும் இருபத்து சொச்ச வயது மகளை நம்புவது லேசில்லை. ஆனால் அந்த மூன்று பாட்டிலில் ஒன்று பைரித்ராய்டு வகை. புகையானுக்கு அதை அடித்தால் சிலந்தியும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும் சாகும், புகையான் திரும்பப் பெருகும். மருந்து பயிரின் தலையில் விழுந்தது, பூச்சியோ தண்ணீருக்குப் பக்கத்தில் அடித்தூரில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் வயல் நடுவே வண்டிச் சக்கர அளவுக்கு வட்டம் காய்ந்தது. அப்புறம் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. ஒரு மா என்கிற 33 சென்ட்டுக்குப் பன்னிரண்டு மூட்டை கண்டுகொண்டிருந்த வயல், அந்த வருடம் ஏழு மூட்டை.

அறுவடை முடிந்த அன்று ராத்திரி அப்பா திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அவராகவே சொன்னார்: "களத்துமேட்டு மா ஒன்ன நீ பாத்துக்க. நான் அதுல தலையிட மாட்டேன்."

நூறு குழி, 33 சென்ட். என் தொழில் அங்கேதான் தொடங்கியது.

அடுத்த சம்பாவில் அந்த ஒரு மாவில் எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம், அதாவது நடக்க இடைவெளி, விட்டு நட்டேன். இலையின் பச்சையை ஒப்பிடும் இலை வண்ண அட்டையைப் பிடித்துப் பார்த்து யூரியாவைப் பிரித்துப் போட்டேன். புகையான் வந்தது. தண்ணீரை வடித்தேன், எண்ணினேன், மறுபடி எண்ணினேன். மருந்தே அடிக்கவில்லை. என் மாவில் பன்னிரண்டு மூட்டை, பக்கத்து மாவில் அப்பாவுக்குப் பன்னிரண்டரை. என்னுடையது அரை மூட்டை குறைவுதான், அதை மறைக்கமாட்டேன். ஆனால் அவர் இரண்டு முறை மருந்தடித்தார், தெளித்த ஆளுக்குக் கூலி கொடுத்தார், யூரியா கால் மூட்டை கூடுதலாகப் போட்டார். எல்லாம் கழித்தால் என் மாவில் சுமார் 600 ரூபாய் கூடுதலாக நின்றது. நோட்டைப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர் வயலில் குனிந்து குத்தைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

டெல்டாக் குடும்பங்களுக்கு யோசனை கேட்கும் பழக்கம் புதிதில்லை. 1960-61-ல் மத்திய அரசு தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. திருவாரூரும் நாகையும் அப்போது தஞ்சாவூருக்குள்தான் இருந்தன. ஏ.டி.டி. 27 நெல் வந்தபோது திருச்சி வானொலி அதைப் பற்றிப் பேசிப் பேசியே பரப்பியது. அதனாலேயே அதற்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் வந்தது. பெயர் தெரியாத யாரோ பெட்டிக்குள் இருந்து சொன்னதைக் கேட்டு, நம் தாத்தாக்கள் வழிவழியாக வந்த விதையை மாற்றினார்கள். அந்தக் குரல் அவர்களிடம் எதையும் விற்கவில்லை. அதுதான் நம்பிக்கைக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த இடத்தில் இன்றைக்கு யார் இருக்கிறார்கள்? 2003-ல் மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் விவசாயிகளிடம் புதுத் தொழில்நுட்பத் தகவல் எங்கே கிடைக்கிறது என்று கேட்டது. முன்னோடி விவசாயிகள் என்று 16.7 சதவீதம் பேர் சொன்னார்கள். விதை, உரம், மருந்து என்று இடுபொருள் விற்பவர் என்றவர்கள் 13.1 சதவீதம். விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் விரிவாக்கப் பணியாளர் என்றவர்கள் 5.7 சதவீதம்தான். பழைய கணக்குதான். இருந்தாலும் நம் ஊரில் காலை ஏழு மணிக்கு உரக்கடை வாசலில் போய் நின்று பாருங்கள், நிலவரம் புரிந்துவிடும். நோய் வந்த இலையை மடியில் கட்டிக்கொண்டு வந்து நிற்பவர்களை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

கடைக்காரர்களை நான் தப்பாகப் பேசமாட்டேன். அறுவடை வரைக்கும் கடன் கொடுப்பவர் அவர். ராத்திரி பத்து மணிக்குப் போன் எடுப்பவரும் அவர்தான். நம் உதவி வேளாண்மை அலுவலர் பாவம், பல கிராமங்களைத் தனியாளாகப் பார்க்கிறார். மானியப் பட்டியல், பயிர்க் காப்பீடு, விதை விநியோகம் என்று அவருக்கு வேலை முடிவதே இல்லை. சில கடைக்காரர்கள் மத்திய அரசின் வேளாண் விரிவாக்க நிறுவனமான மேனேஜ் நடத்தும் 48 வார டிப்ளமோவையும் படித்து முடித்திருக்கிறார்கள், அவர்கள் பேச்சில் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் வீட்டு அடுப்பு பாட்டில் விற்றால்தான் எரியும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே அந்தப் பக்கம் இருந்தவள். கம்பெனியில் எனக்கு மாத டார்கெட் உண்டு. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் டார்கெட் முடியாமல் இருந்தால், வயலில் பார்க்கிற ஒவ்வொரு புள்ளியும் நோயாகத்தான் தெரியும். நான் பொய் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். தெரிந்ததில் பாதியைச் சொல்லாமல் விட்டேன். ஒரு முறை பருத்திக் காட்டில் ஒரு பெரியவர், "இதுக்கு அடிக்காம விட்டா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். அடிக்காமல் விடலாம் என்று எனக்குத் தெரியும். "அடிச்சிடுறது நல்லதுங்க ஐயா" என்றேன். அந்தப் பெரியவர் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

யோசனை சொல்பவர் விற்கக் கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. இலையெல்லாம் கரும்பூசணம் படிந்து கறுத்துப் போனது. பயந்துபோய் நிறையப் பேர் மருந்தடித்தார்கள். வேளாண் பல்கலைக்கழகம் வேறு விதமாகச் சொன்னது: பூச்சிமருந்து வேண்டாம், என்கார்சியா என்ற குட்டிக் குளவி அந்த ஈயை அழிக்கும், அதைக் காப்பாற்றுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா பசை கரைத்து அடியுங்கள். மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்து சேலம், நாமக்கல் பக்கம் காடுகாடாகப் பாழானபோதும், ஆப்பிரிக்காவின் பெனினில் இருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவியை 2022-ல் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் முதலில் விட்டார்கள். இந்த யோசனைகளில் கடையில் விற்க என்ன இருக்கிறது? வயலில் நின்று கையில் எடுத்துக் காட்ட ஓர் ஆள் இருந்தால்தான் இவை ஊருக்கு வந்து சேரும். அந்த ஆளாவதற்கான படிப்பை முடித்துவிட்டுத்தான் உங்கள் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

வேறு இடங்களில் இதை ஒரு தொழிலாகவே ஆக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் சான்று பெற்ற பயிர் ஆலோசகர் என்ற திட்டம் 1992-ல் தொடங்கியது, அதற்குத் தனித் தேர்வு வைக்கிறார்கள். கலிபோர்னியாவில் பூச்சி மேலாண்மைக்கு யோசனை சொல்பவருக்கு மாநில உரிமம் வேண்டும், யோசனையையும் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். நானும் எழுதிக் கொடுக்கத் தொடங்கியது அதைப் படித்த பிறகுதான். வாயால் சொன்னால் அப்புறம் "நான் அப்படிச் சொல்லலையே" என்று தப்பித்துக்கொள்ளலாம். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டால் முடியாது.

சரி, சோறு போடுமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முதல் வருடம் எனக்குப் பதினொரு குடும்பங்கள், அதில் பணம் கொடுத்தது நாலு. இரண்டாவது வருடமும் அப்பா வீட்டுச் சோற்றில்தான் ஓடியது. இப்போது ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 350 ரூபாய் வாங்குகிறேன், நாற்றங்கால் முதல் அறுவடை வரைக்கும் வாரம் ஒரு முறை வயல் பார்ப்பதற்குச் சேர்த்து. நடவுக்குப் பாதி, அறுவடைக்குப் பாதி. கையில் காசில்லாதவர்கள் நெல்லாகக் கொடுக்கிறார்கள். இது மட்டும் பத்தாது. சொந்த நிலத்தில் விதைப்பண்ணை வைத்துச் சான்று விதை உற்பத்தி செய்கிறேன். பக்கத்து ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு வாரம் இரண்டு நாள் வேலை பார்க்கிறேன். மூன்றும் சேர்ந்தால் கம்பெனியில் வாங்கிய சம்பளத்தை எட்டிப் பிடிக்கிறது. அதைத் தாண்டவில்லை. தாண்டும் என்று ஆசை காட்டி உங்கள் பிள்ளையைக் கூப்பிடவும் மாட்டேன்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் கையில் உள்ள சாகுபடி நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கரே இல்லை. ஒரு குடும்பத்தால் ஓர் ஆலோசகரைத் தாங்க முடியாது. அறுபது குடும்பம் சேர்ந்தால் முடிகிறது. ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய். பயத்தில் ஏக்கருக்குக் கூட ஒரு மூட்டை போடுகிற வீடுகள் நம்மில் எத்தனை! அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், வாராவாரம் வயலுக்கு ஓர் ஆள் வந்து நிற்கும்.

தொழில் தொடங்கக் கடன் வேண்டுமானால், மத்திய அரசின் அக்ரி கிளினிக் திட்டம் 2002-ல் இருந்து இருக்கிறது. 45 நாள் பயிற்சி இலவசம். கடன் வாங்கித் தொடங்கும் தொழிலின் திட்டச் செலவில் 36 சதவீதம் மானியம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 44 சதவீதம். நான் அதற்கு விண்ணப்பிக்கப் போன வங்கியில் கேட்ட முதல் கேள்வி, "நிலம் யார் பேர்லம்மா இருக்கு?" என்பது. அப்பா பேர், அண்ணன் பேர். என் பேரில் ஒரு குழிகூட இல்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பரம்பரைச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. நம் வீடுகளில் பட்டா இன்னும் அந்த வருடத்துக்கு வந்து சேரவில்லை. பெண்ணை அக்ரி படிக்க வைக்கும் குடும்பங்கள் இதை ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். என் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார், நான் தப்பித்தேன். கையெழுத்துப் போடாத அப்பாக்களின் மகள்களையும் எனக்குத் தெரியும்.

பெண் பிள்ளை வயலில் நின்று ஆம்பிளைகளுக்கு யோசனை சொன்னால் ஊர் கேட்குமா என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். முதலில் கேட்கமாட்டார்கள். எனக்கு வழி திறந்தது நடவுக்கும் களைக்கும் வரும் அக்காக்களால்தான். நாள் முழுக்கக் குனிந்து பயிரைப் பார்ப்பவர்கள் அவர்கள்தானே. எந்த மூலையில் இலை சுருள்கிறது, எந்த வரப்பில் எலி வளை போட்டிருக்கிறது என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்குப் போய், "அந்தப் பொண்ணு சொல்றது சரியாத்தான் இருக்கு" என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர்கள் எனக்குப் போன் பண்ணத் தொடங்கினார்கள்.

அரசு வேலைக்கோ வங்கி வேலைக்கோ படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல வேளாண்மை அலுவலர்களும் நமக்கு வேண்டும். ஆனால் தேர்வு அறிவிப்பு வரும் வரைக்கும் மூன்று நாலு வருடம் ஓர் அறையில் அடைந்து கிடக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அந்த நாளில் ஒரு சம்பாவை அவர்கள் முழுக்கப் பார்த்திருந்தால், பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தாலும் வயல் தெரிந்தவர்களாக உட்காருவார்கள். கல்லூரியில் நாலாம் வருடம் கிராமத்தில் தங்க வைத்து அனுப்புகிறார்கள். தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டு, விதை நேர்த்தி செய்து காட்டிவிட்டுப் போகும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் கற்பது உண்டு. ஆனால் நட்டவர் அறுக்கும் வரை இருந்தால்தான், சொன்ன யோசனை சரியா தப்பா என்று தெரியும்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். வருகிற சம்பாவுக்கு உங்கள் பிள்ளைக்கு ஒரு மா கொடுங்கள். டெல்டா இல்லையென்றால் முப்பது சென்ட், அல்லது தோப்பில் பத்துத் தென்னை. கடைமடையில் தண்ணீர் ஏறாத உவர் நிலத்தை ஒதுக்கிவிட்டு, "ஒண்ணும் விளையல பாத்தியா" என்று சொல்லாதீர்கள். நீங்கள் தினம் கடந்து போகிற வழியில் இருக்கிற நல்ல நிலமாக, தண்ணீர் வைக்கவும் வடிக்கவும் தனி மடை உள்ளதாகக் கொடுங்கள். பக்கத்து மாவில் நீங்கள் உங்கள் வழக்கப்படியே செய்யுங்கள். நடுவில் பயந்து ராத்திரியில் போய் மருந்தடித்துவிட வேண்டாம், என் அப்பாவே முதல் வருடம் ஒரு முறை தெளிப்பானோடு கிளம்பிவிட்டார், அம்மாதான் தடுத்தார். வாங்குகிற ஒவ்வொரு பைசாவையும் இரண்டு வயலுக்கும் தனித்தனி நோட்டில் எழுதுங்கள். விளைந்ததை இரண்டு படுதாவில் தனித்தனியாகக் கொட்டுங்கள்.

பிள்ளையின் மாவில் குறைந்து போனால் அன்றைக்கு ஒன்றும் பேச வேண்டாம். சாப்பிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். மறுநாள் விடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வரப்பில் உட்காருங்கள்.

அன்புடன்,
திருவாரூர் மாவட்டத்தில் இருந்து
ஒரு நெல் விவசாயியின் மகள், பயிர் ஆலோசகர்